இளைப்பாறும்போது கைக்கு வரும் பணம்



தனியார் கம்பனியொன்றில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவருக்கு, இளைப்பாறிய சில மாதங்களுள், தம் வாழ்நாளில் ஒரே முறையிற் கண்டிராத ஒரு தொகை கைக்கு வந்து சேருகின்றது. அவருடைய சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், அவரை வேலைக்கு அமர்த்தியவரின் பங்காக நூற்றுக்கு 12 வீதமும் மாதந்தோறும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சென்று வட்டியோடு வளர்ந்திருக்கும். இதைவிட, வேலைகொள்வோர் மட்டுமே செலுத்தும் நூற்றுக்கு 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற் சேர்ந்திருக்கும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாயின், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. இவை யாவும் ஒன்றாகத் திரண்டு வரும்போது, அதுவரை நிமிர்ந்தும் பாராத வங்கி முகாமையாளர் எழுந்து நின்று கதிரை காட்டுவார். உறவினர் வருவர். காணித் தரகர் வருவார். இந்தத் தொகையைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

அரசாங்க உத்தியோகத்தர் நிலை வேறு. அவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும். அவர் கண்மூடினால் மனைவிக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. அந்த ஏற்பாடு இந்நாட்டில் 1898ஆம் ஆண்டு தொடக்கம் இருந்துவருகின்றது. தனியார் துறையினருக்கு அவ்வாறான மாதப்படி எதுவும் இல்லை. சேமலாப நிதி கொடுப்பது ஒரே முறை. கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் சம்பளம் கொடுக்கவேண்டியவர் அவரேதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருடைய கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றும், எல்லாமாக அவர் கைக்கு வந்தது 50 இலட்சம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஐம்பது இலட்சம் என்றவுடன் மனம் ஒரு கணம் தடுமாறும். ஆனால் அதை அறுபதினாயிரத்தாற் பிரித்துப் பாருங்கள். எண்பத்து மூன்று மாதச் சம்பளம் வரும். ஏழு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவரின் கையில் இருப்பது ஏழாண்டுச் சம்பளத்துக்கும் குறைந்த தொகை. செல்வம் வந்துவிட்டது என்ற எண்ணத்தை இந்தச் சிறு பிரித்தற் கணக்கு ஓரளவு அடக்கிவிடும்.

சரி, இந்தத் தொகை எத்தனை ஆண்டுகளுக்குப் போதவேண்டும்? இங்கே பெரும்பாலோர் தம்முடைய வயதை மட்டும் எண்ணுகின்றனர். "எனக்கு அறுபது, இன்னும் பதினைந்து, இருபது வருடம்" என்கின்றனர். எண்ணவேண்டியது மனைவியின் வயதை. நம் சமூகத்திலே மனைவி கணவனிலும் நாலைந்து வயது இளையவர். பெண்கள் ஆண்களிலும் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர் என்பதும் குடிசனக் கணக்குகள் காட்டும் உண்மை. கணவருக்கு அறுபதும் மனைவிக்கு ஐம்பத்தைந்துமாயின், அந்த அம்மையார் எண்பத்தைந்து வயதுவரை இருக்கக்கூடும் என்று கொள்வதே முறை. ஆகவே முப்பது ஆண்டுகள். அவற்றுட் கடைசிப் பத்தாண்டுகள் அவர் தனித்திருக்கும் காலமாகலாம். மருந்துச் செலவு மிகுவதும் அக்காலத்திலேதான்.

ஏழாண்டுச் சம்பளத்தை முப்பது ஆண்டுகளுக்கு எப்படிப் பங்கிடுவது? பழைய வழக்கம் ஒன்றுண்டு. முதலைத் தொடாதே, வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய் என்பார்கள். கேட்பதற்கு மிகச் சிக்கனமான வழி போலத் தோன்றும். ஆனால் அதிலே ஒரு மறைவான சேதம் உண்டு. அதை விளக்குவதற்கே இவ்வளவும் சொல்லவேண்டியதாயிற்று.

வட்டி நூற்றுக்கு 8 வீதம் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஐம்பது இலட்சத்துக்கு ஆண்டுக்கு 4 இலட்சம்; மாதம் 33,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதே வேளையில் பொருள்களின் விலையும் ஆண்டுதோறும் ஏறுகின்றது. நமது மத்திய வங்கி 2023ஆம் ஆண்டு அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கே நூற்றுக்கு 5 வீத விலையேற்றந்தான். அஃதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் விலை ஆண்டுக்கு 5 வீதம் ஏறும். எழுபத்திரண்டை ஐந்தாற் பிரித்தால் பதினான்கு சொச்சம். அத்தனை ஆண்டுகளில் விலை இரட்டித்துவிடும் என்பது வட்டிக் கணக்குத் தெரிந்தோர் கையாளும் குறுக்குவழி. ஆகவே இன்று மாதம் 33,000 ரூபாயில் நடக்கும் குடும்பம், பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே முப்பத்து மூவாயிரத்தைக் கொண்டு பாதிச் சாமானே வாங்கும். முதல் குறையவில்லை, புத்தகத்தில் ஐம்பது இலட்சம் அப்படியே இருக்கின்றது. ஆனால் அந்த ஐம்பது இலட்சமும் இன்றைய இருபத்தைந்து இலட்சம் ஆகிவிட்டது. முதலைத் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டே அதிற் பாதியைத் தின்றிருக்கின்றோம்.

வட்டி முழுவதும் வருமானம் அன்று. அதில் ஒரு பகுதி, முதலில் விழும் ஓட்டையை அடைப்பதற்கு வருவது. எட்டில் ஐந்து பங்கு அப்படி அடைப்பதற்கே போய்விட்டால், உண்மையில் உண்ணக்கூடியது மூன்று பங்குதான். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம், மாதம் 12,500 ரூபாய். அவ்வளவை மட்டும் எடுத்தால் முதல் என்றென்றும் தன் பெறுமதி குன்றாமல் இருக்கும். பிள்ளைகளுக்கும் முழுதாய்ப் போய்ச் சேரும். ஆனால் அரை வயிற்றோடு இருந்து, வெளிநாட்டிற் சம்பாதிக்கும் பிள்ளைக்கு ஐம்பது இலட்சம் வைத்துச் செல்லவேண்டும் என்று எந்தத் தருமசாத்திரமும் சொல்லவில்லை.

நடுவழி ஒன்றுண்டு. மாதம் 20,000 ரூபாயில் தொடங்கி, விலையேறுவதற்கேற்ப ஆண்டுதோறும் எடுக்கும் தொகையை 5 வீதம் உயர்த்திக்கொண்டு போவது. முதலாண்டில் 2 இலட்சத்து 40 ஆயிரம் எடுத்தபின்னும், மீதிக்கு வரும் வட்டியோடு ஆண்டு முடிவில் 51 இலட்சத்துக்குமேல் நிற்கும். சில ஆண்டுகள் இப்படி வளரும். பின்பு வளர்ச்சி நின்று, வயது ஏற ஏற முதல் மெதுவாகக் கரையத் தொடங்கி, முப்பதாம் ஆண்டளவில் தீரும். ஆனால் ஒவ்வோராண்டும் வாங்கும் சாமானின் அளவு குறையாது. பிள்ளைகளுக்கு வீடும் வளவும் இருக்கின்றன, பணம் பெற்றோருக்கு. என் கருத்திலே பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே ஏற்ற வழி. இருபதினாயிரம் போதாதே என்று கேட்பீர்கள். போதாதுதான். அதனாலேயே ஐம்பத்தைந்து வயதில் ஆணும் ஐம்பது வயதிற் பெண்ணும் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்தாலும், உடலில் வலுவுள்ளவர்கள் தொடர்ந்து உழைப்பது நல்லது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் இளைப்பாறும் வயதைக் குறைந்தது அறுபதாக்கியிருக்கின்றது. இன்னும் ஐந்தாண்டுகள் உழைப்பவருக்குத் தொகை கூடுகின்றது. தாங்கவேண்டிய ஆண்டுகளோ குறைகின்றன.

இதுவரை சொன்ன கணக்கு விலைவாசி ஒழுங்காக நடக்கும் காலத்துக்கு உரியது. நம் நாட்டில் அது எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. 1980, 1990, 2008 ஆகிய ஆண்டுகளில் விலையேற்றம் நூற்றுக்கு 20 வீதத்தைத் தாண்டியது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் அதற்கு முந்திய செப்டெம்பரை விட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்து நின்றது. உணவுப் பொருள்கள் மட்டும் ஏறக்குறைய 95 வீதம். அதற்கு ஓராண்டு முன்னர் 10 இலட்சம் ரூபாயை 6 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டவர், ஆண்டு முடிவில் 10 இலட்சத்து 60 ஆயிரம் பெற்றார். அதே பத்து இலட்சத்துச் சாமான் அப்போது 17 இலட்சம். பத்து மூடை வாங்க வைத்திருந்த காசு ஆறு மூடைக்குச் சொச்சமாயிற்று. 2024 செப்டெம்பரிலிருந்து சில மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனதென்று செய்திகளிற் கேட்டோம். ஏறிய விலை மேலும் ஏறாமல் நின்றது, சிறிது தணிந்தது என்பதே அதன் பொருள். பழைய விலை திரும்பி வரவில்லை என்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர்.

இத்தகைய காலத்துக்கு முழுக் காப்பு எதுவும் கிடையாது. எனினும் சேதத்தைக் குறைக்க ஓர் உபாயம் உண்டு. முழுத் தொகையையும் ஒரே நாளில், ஒரே தவணைக்குக் கட்டிவிடாதீர்கள். நாற்பது இலட்சம் இடுவதானால் பத்துப் பத்து இலட்சமாக நான்கு பங்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வைக்கலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைக் கடந்தது. முந்திய மாதந்தான் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கட்டியவர் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பங்கிட்டு வைத்தவருக்கு மூன்று மாதத்துக்கொரு பங்கு விடுபட்டு உயர்ந்த வட்டியைச் சென்று பற்றியது. மறுபுறம், வட்டி உச்சியில் நிற்கையில் ஒரு பங்கையாவது மூன்றாண்டு, ஐந்தாண்டுக்குக் கட்டியவரே அது விழுந்தபின் நன்மை பெற்றார். வட்டி ஏறுமா இறங்குமா என்று நமக்குச் சொல்ல வருபவர்களுக்கும் தெரியாது. ஆகையாற் குறுந்தவணையும் நெடுந்தவணையும் கலந்து வைப்பதே தகும். ஆறு மாதச் செலவுக்கான காசைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாளில் நிலையான வைப்பை உடைத்தால் வட்டி குறையும்.

பணத்தை எங்கே இடுவது? எங்கள் பாட்டன்மார் தபாற் கந்தோரிற் சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தனர். அந்தத் தபாற் சேமிப்பு வங்கியும் வேறு சிலவும் ஒன்றாகி உருவானதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சேமிப்பு வங்கி. அதில் இடும் வைப்புக்கு அரசாங்கம் முழுப் பிணை நிற்கின்றது. ஏனைய வங்கிகளுக்கும், உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளுக்கும் வைப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு என்று கணக்கிட்டு, அந்த எல்லை 2021ஆம் ஆண்டில் 6 இலட்சத்திலிருந்து 11 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் தி பினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டபோது, காப்புறுதியின்படி கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 6 இலட்சமாகவே இருந்தது. வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அங்கே வைத்திருந்தோர் எத்தனையோ பேர். நிதிக் கம்பனி வங்கியிலும் இரண்டு வீதம் கூடத் தருகின்றது என்பதற்காக இருபது இலட்சத்தை அங்கே இட்டால், ஆண்டுக்குக் கூடக் கிடைப்பது 40,000 ரூபாய். காப்பில்லாமல் நிற்பது 9 இலட்சம். அந்த 40,000 அவ்வளவு ஆபத்துக்குப் பெறுமதியா என்று வீட்டிலே இருவருமாக இருந்து தீர்மானியுங்கள். இடுவதானாற் கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் வேறுவேறாக, எல்லைக்குள் இடலாம். மாதத்துக்கு 5 வீதம், 10 வீதம் தருவதாக வாயால் மட்டும் சொல்லுவோரைப் பற்றி இங்கே பேசி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

திறைசேரி உண்டியலை எங்கள் மக்கள் அதிகம் அறியார். அரசாங்கத்துக்கு 91, 182 அல்லது 364 நாளைக்குக் கடன் கொடுத்தல் என்று அதனைச் சொல்லலாம். வங்கிகள் மூலமாகவும் முதனிலை வணிகர் மூலமாகவும் வாங்கலாம். அரசாங்கமே கடன்பட்டு நொந்த நாட்டில் அதுவும் ஒரு காப்பா என்று கேட்பது நியாயமே. 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் சீரமைப்பிலே சேமலாப நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகள் மாற்றப்பட்டன. தனியாட்கள் வைத்திருந்த உண்டியல்களும் வங்கி வைப்புகளும் தொடப்படவில்லை. இனியும் அப்படியே நடக்கும் என்று எவரும் எழுதித் தரமாட்டார். ஆதலால் ஒரே கூடையாக வேண்டாம். பங்குச் சந்தையைப் பொறுத்தவரை, பத்தாண்டுக்குத் தேவைப்படாத காசு இருந்தால் அதில் ஒரு சிறு பகுதி போகலாம். அரிசி வாங்கும் காசு போகக்கூடாது. நகை இருந்தால் இருக்கட்டும். அது அவசரத்துக்கு உதவும், மாதப்படி தராது. புதிதாய்ச் செய்விப்பவர் செய்கூலியையும் சேதாரத்தையும் அன்றைக்கே இழக்கின்றார்.

இனி வீட்டுக்குள்ளிருந்து வரும் கேள்விகள். இவை சந்தையிலும் கடினமானவை. மகன் வெளிநாடு போக முகவருக்குப் பணம் வேண்டும் என்கின்றான். மகளுக்குச் சீதனம் முடிவாகாமல் நிற்கின்றது. வீட்டுக்கு மேல்மாடி போடலாம் என்று மேசன் அளந்து பார்க்கின்றார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே பிள்ளைகள் தொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, இரண்டு வயோதிபர் கீழறையிற் படுத்திருக்கும் மாடிவீடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த மாடி சோறு போடாது. அவசரத்துக்கு மாடியின் ஒரு சுவரை விற்கவும் முடியாது. ஒரு பரப்புக் காணியை விற்பதென்றாலும் உறுதி, பங்கு, கையெழுத்து என்று மாதங்கள் செல்லும். பிள்ளைக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முன்னே சொன்ன கணக்கைப் போட்டு, ஐந்து இலட்சம் கொடுத்தால் மாதப்படி இருபதினாயிரத்திலிருந்து பதினெண்ணாயிரமாகக் குறையும் என்று தெரிந்து கொடுங்கள். கொடுப்பதைக் கொடையாகக் கொடுங்கள். திரும்பி வரும் என்று வரவிலே எழுதாதீர்கள். மற்றவர் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைப்பதை இளைப்பாறும் நாளோடு நிறுத்திவிடுவது உத்தமம்.

மலையகத் தோட்டங்களில் உழைத்து இளைப்பாறுவோருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். குடியிருக்கும் லயத்து அறை தமதென்று ஆகாத குடும்பத்துக்கு, சேமலாப நிதியில் ஒரு பகுதியைத் தமக்கென்று உறுதியுள்ள ஒரு துண்டு நிலத்துக்கும் கூரைக்கும் செலவிடுவது வீண்செலவு ஆகாது. அங்கே தொகையும் சிறிது. அவர்கள் முதலைக் கட்டிக்காப்பதற்கு முன் இருக்க ஓரிடம் தேடவேண்டியவர்கள்.

இளம்பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்கள் சேமலாப நிதியை வயது வராமலே எடுத்துக்கொள்ளலாம். பலர் எடுத்துக் கலியாணச் செலவிற் கரைத்துவிடுகின்றனர். இருபத்தெட்டு வயதில் எடுக்காமல் விட்ட 3 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9 வீதம் வளர்ந்தால், ஐம்பத்தைந்து வயதில் 30 இலட்சத்தைத் தாண்டும். அதற்குள் விலையும் ஏறியிருக்கும். ஆயினும் 5 வீத விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இன்றைய பெறுமதியில் அது 8 இலட்சத்துக்குக் குறையாது. அது அப்பெண்ணின் சொந்தப் பணம்.

வருமான வரி பற்றி ஒரு சொல். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதந்தொட்டு வைப்பு வட்டியில் நூற்றுக்கு 10 வீதத்தை வங்கி வரியாகப் பிடித்துக்கொள்கின்றது. அதே காலந்தொட்டு, ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அதனை எழுத்தில் வெளிப்படுத்திக் கொடுத்தால் பிடிக்காமல் விடுவதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நாம் கண்ட கணக்கில் ஆண்டுக்கு 40,000 ரூபாய் இதனால் மிஞ்சும். கேளாதவருக்கு வங்கி தானாக விடுவதில்லை.

கடைசியாகப் பத்திரங்கள். சேமலாப நிதி ஏட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று இருப்பதனாற் பணம் மாதக்கணக்காகத் தடைப்படுவது நம்மவர் பலருக்கு நேர்வது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு விதமாய் எழுதிவிடுகின்றனர். தகப்பன் பெயர் முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் இன்னொரு சிக்கல். இதைத் தொழில் திணைக்களத்திலே திருத்துவிக்கும் வேலையை இளைப்பாறுவதற்கு இரண்டாண்டு முன்னரே தொடங்கவேண்டும். உங்களுக்குப் பின் பணம் பெறவேண்டியவர் இன்னார் என்று குறித்த பெயரையும் அப்போதே பாருங்கள். மணமாகுமுன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள், மணமாகி முப்பதாண்டு கழிந்தும் அதை மாற்றாமல் இருப்பதுண்டு. வைப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், காணி உறுதி, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு, எந்த வங்கியில் எத்தனை, எந்தத் திகதியில் முதிர்வது என்று ஓர் ஒற்றைத் தாளில் எழுதி, அந்தத் தாளை மனைவியைக்கொண்டு ஒருமுறை வாசிப்பித்துவிடுங்கள். அடுத்த தவணை முதிரும்போது வங்கிக்கு அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.